ஐந்து கிராம்

எழுபத்திரண்டில் ஒன்று என்று பெட்டிமேல் போட்டிருந்தது.
பாகலூர் சாலை வாடகை அறையில்
அந்தக் கணக்கை முதலில் என்மேல்தான் போட்டுப் பார்த்தேன்:
இருபத்திரண்டு மில்லிமீட்டர்,
செருப்பில்லாமல்.
சிப்காட்டுக்குப் போகும் நாலு கிலோமீட்டர்
தெருமுனை மாவு மில்லோடு முடிந்துவிடுகிறது.
சம்பளத்தை வகுக்கவில்லை.
அது ஏற்கெனவே அந்த அளவில்தான் வருகிறது.

சாம்பல் நிறச் சட்டத்தில் தொண்ணூற்று நாலு உறுப்புகள்.
நகவெட்டியால் ஒவ்வொன்றாய் விடுவித்துப்
பிசிறு தேய்த்தேன்.
யுத்தம் தோற்கிற தறுவாயில்
ஜெர்மன்காரர்கள் சுழலி இல்லாமல் பறக்கவிட்டது.
"இன்னுமா மீன் ஆயுற?" என்பாள் நாகவேணி,
ராத்திரி ஷிஃப்டுக்குத் தலை பின்னிக்கொண்டே.
மீன்தான். சுறாவின் அடிவயிறு,
இறக்கைக்கு ஒன்றாய்த் தொங்கும் எந்திரம்.

மூன்றாம் படியில் சின்னதாய் ஒரு படம் இருந்திருக்கிறது:
மூக்குக்குள் ஐந்து கிராம் எடை வை.
நான் பார்க்கவில்லை.
இரண்டு பாதியும் ஒட்டி, காய்ந்து, வர்ணமடித்து,
சக்கரம் மாட்டி மேசையில் விட்டேன்.
வாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தது,
சோற்றுக்குக் காத்திருக்கும் நாய்போல.
நாகவேணி சிரித்த சிரிப்பில்
கீழ்வீட்டு முனிராஜு டார்ச்சோடு மேலே வந்துவிட்டார்.

பிறர் தவறைக் கண்டுபிடிக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

முன்சக்கரக் குழி நாலு மில்லிமீட்டர்.
எங்கள் கம்பெனி குண்டு மூன்று.
சிவப்புத் தொட்டியில் கிடந்தன, நானே தள்ளியவை:
நாலு மைக்ரான் பருமன் கூடிப்போனவை.
விரலில் உருட்டினால் சாமிக்கும் தெரியாது.
நாற்பத்தைந்தை எண்ணி
மதியம் மிஞ்சிய களி உருண்டைக்குள் அழுத்தினேன்.
கேட்டில் ரத்தினம்மா டப்பாவைத் திறந்தாள், மூடினாள்.
கையில் ஒருதரம் தூக்கிப் பார்த்தாள்.
"மிச்சம் வச்சா புளிச்சிடும், போ."

போனில் படித்தேன் அன்று ராத்திரி.
மலையைக் குடைந்த சுரங்கங்களில்
கைதிகளை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் இதை.
சிலர் ஆணியை அரைகுறையாய் அடித்து அனுப்பினார்களாம்.
'ஆம்' வரைக்கும்தான் எழுதியிருந்தது.
எனக்கு மேசைதான் கண்ணில் வந்தது.
அங்கேயும் ஒரு பரிசோதனை மேசை இருந்திருக்கும்,
விளக்கு, அளவுகோல், முத்திரை,
பசியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள்.
தலை நிற்காத ஆணி ஒன்று வருகிறது.
பார்த்தாரா,
பார்த்துவிட்டுத்தான் குத்தினாரா?

பெட்டியில் ஒரே ஒரு மனிதன்தான்,
விமானி. கை இரண்டும் தொடைமேல்.
திருகியவர்களுக்கு உறுப்பு எண் இல்லை.

கடைசியாக வால் ஸ்டிக்கர்.
தண்ணீரில் போட்டதும் இரண்டாய்ப் பிரிந்து வந்தது,
சேர்த்து ஒட்டச் சொல்லி அம்புக்குறி.
சேர்த்தால் என்ன வரும் என்று தெரியும்.
வளையல் வைத்திருக்கிற சேட்டு கடையில்
கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில்
குங்குமத்தில் அதே கோடுகள், லாபம் லாபம் என்று.
அங்கே அது யாரையும் கொன்றதில்லை;
வட்டி மட்டும்தான்.
சாசரில் மிதக்க விட்டேன்.
காலையில் நாகவேணி டீத்தூளோடு கொட்டிவிட்டாள்.

இப்போது மூன்று சக்கரத்தில் நிற்கிறது,
வால் மொட்டையாக.
குண்டுகளில் ஒன்று மட்டும் பசையில் சிக்கவில்லை.
கிரானைட் ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போது
அலமாரி அதிரும்.
உள்ளே அது மூக்கிலிருந்து வயிற்றுக்கு உருளும்,
ஒரு சொட்டுச் சத்தம்.
விமானம் கொஞ்சம் யோசிக்கிறது.

உட்காரவில்லை.